மூன்று நொடி நிற்க வேண்டிய கண்

இதில் வயிறு வலிக்கச் சிரிக்க ஓர் இடம் இருக்கிறது. இப்போதே கேட்காதீர்கள். முதலில் அளவெடுக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊரில் கண்கள் சொந்தக்காரர் பேச்சைக் கேட்பதில்லை. ஒவ்வொரு கண்ணும் வேறு ஒருவருடைய குரலுக்குத்தான் நிற்கும். அதனால் பஸ் டிரைவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை அந்தக் குரல்காரரைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். அங்கே வேலை பார்க்கும் மெட்டில்டா அக்கா கருவியில் விழித்திரையை விடாமல் படமெடுப்பார். படத்தில் ரத்தக் குழாய்கள் நகர்ந்தால் கண் நகர்கிறது என்று அர்த்தம். மூன்று நொடி நகராமல் நின்றால் லைசென்ஸ். நிற்காவிட்டால் பஸ் வேறு ஆளுக்கு.

என் அக்கா புருஷன், டிரைவர் சுந்தரபாண்டி அத்தானின் வலது கண் கண்டக்டர் காசிராஜன் குரலுக்கு நிற்கும். காசிராஜனுக்கு அம்மை போட்டிருந்தது. அளவெடுக்க அன்றுதான் கடைசி நாள்.

"பேச்சி, நீதான் அவரு மாதிரியே பேசுவியே. வேற சேட்டை பண்ணின, கொன்னுருவேன்," என்றாள் என் அக்கா.

நான் தடுப்புத் துணிக்குப் பின்னால் கால் மாற்றி மாற்றி நின்றேன். அத்தான் கருவியில் தாடையை வைத்தார். குழாய்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"ஹோல்டான்!" என்றேன், பஸ்ஸை நிறுத்தும்போது காசிராஜன் சொல்கிற அதே வெற்றிலை அடக்கிய குரலில்.

கண் நின்றது.

"ஒன்னு," என்று எண்ணினார் மெட்டில்டா அக்கா. "ரெண்டு..."

என் நாக்கு சும்மா இருக்கவில்லை. "படியில நிக்காதய்யா! உள்ள காலியாத்தான கெடக்கு, ஏறிப் போ!"

கண் உள்ளே போய்விட்டது. படம் கறுப்பு.

"ஏட்டி, என் கண்ணு எங்கட்டி?" என்றார் அத்தான், தாடையை எடுக்காமல்.

"சீட்டு கெடச்சு உக்காந்திருக்கும்," என்றார் மெட்டில்டா அக்கா. "ஆறு மணிக்கு மிஷினை மூடிருவேன்."

மணி ஐந்து ஐம்பத்தெட்டு. டிப்போ மேனேஜர் குரலில் அதட்டினேன். என் அக்கா குரலில் கெஞ்சினேன். ஆட்டுக்குட்டியாகக்கூடக் கத்தினேன். வரவில்லை. கடைசியில் மறுபடி காசிராஜனாகி, "பஸ் ஸ்டாண்ட் வந்தாச்சு, எல்லாரும் எறங்கு!" என்றேன்.

கண் திரும்பி வந்தது. வெளியே பஸ் ஸ்டாண்ட் இல்லை. துணிக்குக் கீழே என் செருப்பு இருந்தது. கண் கருவியின் ஓரமாக அதைப் பார்த்தது. பிறகு அதன் பார்வை துணியில் மேலே மேலே ஏறி, என் முகத்துக்கு நேராக வந்து நின்றது. இமைக்கவே இல்லை.

"ஒன்னு, ரெண்டு, மூணு. நகர்வு பூஜ்யம்," என்று மெட்டில்டா அக்கா முத்திரை குத்தினார்.

விழித்திரை அப்படியே அசையாமல் நின்றது. அதிலிருந்து என் சொந்தக் குரல் வந்தது.

"நீ டிக்கெட் எடுத்தியா?"

நான் பையைத் துழாவினேன்.