மேற்குச் சரிவின் ஒல்லிச் சங்கு

அந்தச் சங்கு குத்தியபோது நார்சிசோ கத்தவில்லை. கையை உதறிவிட்டு, "முத்தம் குடுக்குது மச்சான்" என்று சிரித்தான்.

ஹெர்மினியா மட்டும் சிரிக்கவில்லை. "வலிக்குதா?"

"இல்ல மேடம். எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல."

"வலிக்கணுமே" என்றாள். கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டு ஐந்து.

படகில் நாங்கள் மூன்று பேர்தான். நார்சிசோ என் மனைவியின் தம்பி. ஹெர்மினியா செபு நகரத்தில் கல்லூரி ஆசிரியை. மூன்று வருடமாக ஒரே ஒரு வகை ஆழ்கடல் கூம்புச் சங்கின் பின்னால் அலைகிறவள். முந்தின நாள் நூற்றிருபது பாகம், அதாவது இருநூறு மீட்டருக்கும் மேல் ஆழத்தில் விரித்த வலையை அப்போதுதான் ஏற்றிக்கொண்டிருந்தோம்.

அந்தச் சங்கில் ஒல்லி ஒன்று, குண்டு ஒன்று என இரண்டு உண்டு. புத்தகங்களில் அவற்றுக்குத் தனித்தனிப் பெயர். இரண்டும் ஒரே இனம்தான், உடல்வாகுதான் வேறு என்பது ஹெர்மினியாவின் முடிவு; அப்படியே ஒரு கட்டுரையும் எழுதி அனுப்பியிருந்தாள். அதற்கு அவள் வைத்திருந்த பெரிய ஆதாரம் நான் கொடுத்த பதினொரு சங்குகள். ஒல்லியும் குண்டும் கலந்தே இருந்தன. எல்லாப் பொட்டலத்திலும் கடலடித் திட்டின் 'கிழக்குச் சரிவு' என்று எழுதிக் கொடுத்தவன் நான். ஒரே இடத்தில் கலந்து வாழ்கிறதென்றால் ஒரே இனமாகத்தானே இருக்கும்? குண்டுச் சங்கின் வயிற்றில் அவள் புழு முட்களைப் பார்த்திருந்தாள். ஒல்லிச் சங்கு அவளிடம் எப்போதும் வெறும் ஓடாகத்தான் வந்தது.

"ரெண்டும் புழு தின்னிதான். மீன் தின்னிச் சங்குதான் ஆளக் கொல்லும். இது குத்தினா குளவி கொட்டின மாதிரி இருக்கும், அவ்வளவுதான்" என்று போன வாரம்தான் எங்களிடம் சொன்னாள். அதைக் கேட்டபிறகுதான் நார்சிசோ கையுறையைக் கழற்றிப் போட்டான்.

உயிரோடு ஒரு ஒல்லிச் சங்கு வேண்டும் என்று மாதக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பாவமாக இருந்தது. "இங்கயும் இருந்தாலும் இருக்கும்" என்று சொல்லி மேற்குச் சரிவுக்கு நான்தான் கூட்டிப்போனேன். வலையில் வந்து நார்சிசோவைக் குத்தியது அந்த ஒல்லிதான்.

அவள் தன் கழுத்துத் துணியை உருவி, நார்சிசோவின் கையை உள்ளங்கையிலிருந்து தோள்வரை இறுக்கிச் சுற்றினாள். "மனோங் ஃபெலிமோன், வலைய அறுத்து விடுங்க. கரைக்குப் போகணும்." என்னை அண்ணன் முறையில் மனோங் என்றுதான் கூப்பிடுவாள்.

"புது வலை மேடம்."

"அறுங்க!"

அறுத்தேன். என்ஜினை முழு வேகத்தில் விட்டேன். தக்பிலாரன் துறைக்கு இரண்டு மணி நேரம். எதிர்க்காற்று வேறு.

கால் மணியில் நார்சிசோ உதட்டைத் தடவிக்கொண்டான். "மரத்துப் போச்சு." பிறகு என்னைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினான். "மச்சான், நீங்க ரெண்டு பேரா தெரியறீங்க. ஒருத்தரையே எங்கக்கா தாங்க முடியாம இருக்கா."

அதுதான் அவன் தெளிவாகப் பேசிய கடைசிப் பேச்சு. இமைகள் இறங்கின. விரலால் தூக்கிவிட்டாலும் மறுபடி இறங்கின. தலை அவள் மடியில் சரிந்தது. ஒன்பதுக்கு முன்பே அவன் நெஞ்சு ஏறி இறங்குவது நின்றுபோனது.

ஹெர்மினியா அவன் மூக்கைப் பொத்தி, வாயில் வாய் வைத்து ஊதினாள். நெஞ்சு எழும்பியது. மறுபடி ஊதினாள்.

"இந்த விஷத்துக்கு மாத்து மருந்து கிடையாது" என்றாள் இடையில். "அதுவா இறங்கணும். அதுவரைக்கும் நாமதான் இவருக்கு மூச்சு."

அவள் கைபேசி அடித்தது. முதலிலேயே ஆஸ்பத்திரிக்குத் தகவல் அனுப்பியிருந்தாள். இப்போதுதான் சிக்னல் கிடைத்திருக்கிறது. ஒலிபெருக்கியில் போட்டுக் கீழே வைத்தாள். எது குத்தியது என்று டாக்டர் கேட்டார்.

"புழு தின்னி... இல்ல, தெரியல. புழு தின்னி குத்தி மூச்சு நின்னதா நான் கேள்விப்பட்டதே இல்ல. வேற ஏதாவது கோளாறா இருக்குமோ?" ஊதினாள். "ரெண்டும் ஒரே எடத்துல கெடைச்சுதே, ஒண்ணு மட்டும் எப்படி..."

நல்ல இடத்தை யாரிடமும் சொல்லாதே என்பது எங்கள் கடலில் எல்லோருக்கும் பழக்கம். அதைத்தான் நானும் செய்தேன். அதற்காக இவன் சாக வேண்டுமா?

"மேடம், ஒல்லி கிழக்குல கெடையாது" என்றேன். "எல்லாம் இங்க எடுத்தது. குண்டு மட்டும்தான் கிழக்கு. நான் பொய் எழுதிக் குடுத்தேன்."

அவள் என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. குனிந்து ஒரு மூச்சு ஊதிவிட்டு, கைபேசியைப் பார்த்துக் கத்தினாள்: "டாக்டர், இது தனி இனம்! மீன் தின்னியாத்தான் இருக்கணும். மூச்சு மிஷின் தயாரா வைங்க!"

பாதி வழியில் எங்கள் ஊர்ப் படகு ஒன்று எதிர்ப்பட்டுப் பக்கத்தில் வந்தது. அதிலிருந்த கிழவர் எட்டிப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். "முடிஞ்சுபோச்சுப்பா. முகத்த மூடு. பாவம், அந்தப் பொண்ண ஊதறத விடச் சொல்லு."

நார்சிசோவின் முகம் நீலம் பாய்ந்து கிடந்தது. ஒரு கையால் சுக்கானையும் மறு கையால் அவன் கையையும் பிடித்திருந்தவன், அவன் கையை விட்டுவிட்டேன். சத்தியமாக விட்டுவிட்டேன்.

ஹெர்மினியா என் விரலைப் பிடித்து இழுத்து அவன் கழுத்தில் அழுத்தினாள். "துடிக்குதா, இல்லையா?"

துடித்தது.

"அப்ப ஊதுங்க. எனக்கு தல சுத்துது."

அந்தப் படகிலிருந்து யூட்டிக்கியோ என்ற தடியன் எங்கள் படகுக்குத் தாவி, சுக்கானைப் பிடித்துக்கொண்டான். நான் மச்சான் வாயில் வாய் வைத்தேன். காலையில் தின்ற பூண்டுச் சோறும் கருவாடும் அந்த வாயில் மணத்தன. ஊதினேன். எண்ணினேன். ஊதினேன். அவளும் நானும் மாற்றி மாற்றி. துறை தெரிந்தபோது எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. யார் அவனைத் தூக்கினார்கள் என்றுகூட நினைவில்லை.

ஒரு நாள் முழுக்க மிஷின் அவனுக்கு மூச்சு விட்டது. மறுநாள் மதியம் கண்ணைத் திறந்தான். குழாயை எடுத்தபின் அவன் அக்கா ஊட்டிய கஞ்சியை இரண்டு வாய் குடித்துவிட்டு, என் பக்கம் திரும்பினான்.

"எனக்கு எல்லாம் கேட்டுச்சு மச்சான். ஒடம்புதான் அசையல. முகத்த மூடுன்னு அந்தக் கிழவன் சொன்னான் பாருங்க, உள்ளுக்குள்ள கெடந்து கத்துறேன், யாருக்கும் கேக்கல." என் கையைப் பார்த்தான். "அப்ப நீங்க கைய விட்டுட்டீங்க."

நான் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கழுவப் போனேன்.

ஹெர்மினியா தன் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள். ஒரு வாரம் கழித்துக் கடல் வரைபடத்தையும் பதினொரு பொட்டலங்களையும் என் முன்னால் பரப்பினாள். "இப்ப ஒண்ணொண்ணா சொல்லுங்க."

எட்டுக்குச் சரியான இடம் சொன்னேன். மூன்று ஒல்லிச் சங்குகளை மேற்குச் சரிவில் எந்தப் புள்ளியில் எடுத்தேன் என்று எனக்கே நினைவில்லை. "ஏதோ ஒண்ணு போட்டுக்கோங்க மேடம், எல்லாம் அதே சரிவுதானே" என்றேன்.

"போதும் மனோங், இதுவரைக்கும் போட்டது" என்று அந்த மூன்றையும் தனியே ஒதுக்கி வைத்தாள்.

ஒல்லிச் சங்குக்கு அதன் பழைய பெயரே திரும்பக் கிடைத்தது. தொடாதே என்று எங்கள் மொழியில் எழுதி, அதன் படத்தோடு துறைச் சுவரில் அவளே ஒட்டினாள். மேற்குச் சரிவு இப்போது எல்லோருக்கும் தெரியும்.

நார்சிசோ இப்போது யூட்டிக்கியோவோடு கடலுக்குப் போகிறான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. சிரிக்கச் சிரிக்கப் பேசுவான், என் தட்டிலிருந்தே மீனை எடுத்துத் தின்பான். என் படகில் மட்டும் ஏறுவதில்லை. நானும் கூப்பிடுவதில்லை.