எஞ்சின் இல்லாத கொமெட்

ஆதம்பாவா மூன்று மாதம் மினக்கெட்டுத் திருத்திய கொமெட் ஜெட் விமான மாதிரியை மைத்துனன் ஜெமீல் ஒரே காலையில் நாசமாக்கிவிட்டான்.

கொழும்பில் மூடிப்போன ஒரு பயண முகவர் கடையிலிருந்து, செட்டை முறிந்த நிலையில் அவர் வாங்கி வந்த பழைய மாதிரி அது. முறிவை ஒட்டி, யாரோ பிந்திப் பூசிய பெயின்ற்றைப் பிளேடால் சுரண்டி, அடியிலிருந்த முதல் பூச்சைக் கீறல் விழாமல் மீட்டிருந்தார். சவூதியிலிருந்து லீவில் வந்த ஜெமீலோ நான்கு பேனை மூடிகளுக்கு வெள்ளிப் பெயின்ற் அடித்து, செட்டைகளின் கீழே பசை வைத்து ஒட்டியிருந்தான்.

"எஞ்சினில்லாமக் கிடந்திச்சு மச்சான். நான் ஏறின பிளேன் எல்லாத்துக்கும் கீழதான் தொங்கிச்சு."

"கொமெட்டுக்கு எஞ்சின் செட்டைக்குள்ள இருக்கி, மடையா. இறங்கு வூட்ட விட்டு."

குசினியிலிருந்து வந்த மனைவி முனவ்வறா அவரை முறைத்தாள்.

"இது வாப்பா எனக்குச் சீதனமாத் தந்த வூடு. என்ட தம்பிய இறங்கச் சொல்ல நீங்க ஆரு?"

ஆதம்பாவா ஒரு மூடியைப் பிடுங்கினார். முதல் பூச்சும் அதோடு உரிந்து வந்தது. மேசையில் மூடியிழந்து கிடந்த பேனைகளில் ஒன்றை எடுத்தார்.

"ஜெமீல், உன்ட பாஸ்போட் படத்தில தாடி இல்லியே. இப்ப உனக்குத் தாடி இருக்கி. கொண்டா, கீறித் தாறன்."

முனவ்வறா ஓடிப்போய்த் தம்பியின் பெட்டியைப் பூட்டினாள்.