பாஸ்டரின் நீண்ட ஜெபமும் ஒரு கடைவாய்ப் பல்லும்

பாஸ்டரின் ஜெபம் முப்பத்தைந்து நிமிடத்துக்குக் குறையாது. நாட்டை ஆளுகிறவர்களில் ஆரம்பித்து, மழை, கப்பலில் போகிறவர்கள் என்று உலகத்தையே ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் எதிரே இருக்கிற குடும்பத்துக்கு வருவார். கண்ணை மூடினால் மூடியதுதான். நடுவில் திறந்ததாகச் சரித்திரமே இல்லை.

துரையின் அம்மாவுக்கு இது நன்றாகத் தெரியும். துரை என்பது ஒன்பது வயது மகனுக்கு அவள் வைத்த பட்டம். நடக்கமாட்டான், பேசமாட்டான், தானாகச் சாப்பிடமாட்டான். அதிகாரத்துக்கு மட்டும் குறைச்சலே இல்லை. ஒரு நிமிடம் தனியாக விட்டால் தெருவே கூடும்படி கத்துவான். அவன் அப்பா லாரியை எடுத்துக்கொண்டு போனால் ஞாயிற்றுக்கிழமைதான் தலையைக் காட்டுவார்.

அவளுக்கோ ஆறு வாரமாகக் கடைவாய்ப் பல் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. பல் டாக்டர் எதிர்க் கட்டடத்தில்தான் இருந்தார், ஆனால் இரண்டாம் மாடியில்; ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடக்கும். சக்கர நாற்காலி படியேறுமா? சபையிலிருந்து வந்தவர்கள் பழம் கொடுத்தார்கள், வசனம் சொன்னார்கள், அவளைக் கட்டிப்பிடித்து அழக்கூடச் செய்தார்கள். பிள்ளையை மட்டும் யாரும் கையில் வாங்கவில்லை. பற்றிக்கொண்டு வராதா பின்னே?

அந்தச் செவ்வாய்க்கிழமை பாஸ்டர் வந்து உட்கார்ந்தார்.

"கண்ணை மூடுவோமா சிஸ்டர்?"

"மூடுங்க பாஸ்டர். தம்பிய மடியில வச்சுக்கிட்டு ஜெபம் பண்ணுங்க. அவனுக்கு அது ரொம்பப் பிடிக்கும்."

பச்சைப் பொய். துரையைத் தூக்கி அவர் மடியில் இருத்தினாள். அவர் மந்திரிகளைத் தாண்டுவதற்குள் அவள் வாசலைத் தாண்டிவிட்டாள். பாவம்தான், இல்லையென்று யார் சொன்னது? முதலில் பல், பாவத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஊசி போட்டுப் பிடுங்கி முடிக்க ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். பாஸ்டர் தரையில் சப்பணமிட்டிருந்தார். சட்டையெல்லாம் பாலும் ஊறிய பிஸ்கட்டும். துரைக்கு டயப்பர் மாற்றியிருந்தது, முன்பக்கம் பின்னால். அவர் கண்ணாடியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு துரை கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டிருந்தான்.

"மழைக்கு ஜெபம் பண்ணிக்கிட்டு இருந்தேன், மடி நனைஞ்சிருச்சு," என்றார் பாஸ்டர். பிறகு குரல் ஏறியது. "ஏன் சிஸ்டர், ஏதாவது உதவி வேணும்னா சொல்லுங்கன்னு எத்தனை தடவை கேட்டிருக்கேன்? ஒரு தடவை வாயத் தொறந்தீங்களா?"

அவள் வாயிலிருந்த பஞ்சை எடுத்தாள். பாதி முகம் மரத்திருந்தது.

"கேட்டீங்க பாஸ்டர். ஒவ்வொரு தடவையும் செருப்ப மாட்டிக்கிட்டே கேட்டீங்க."

அவள் பிள்ளையை வாங்கக் கையை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை.

"விடுங்க, இவன் இங்கயே இருக்கட்டும். நீங்க போய்க் கொஞ்ச நேரம் படுங்க."

ஒன்பது வருடத்தில் அவளை யாரும் படு என்று சொன்னதில்லை. பல்லைப் பிடுங்கும்போது வராத அழுகை அப்போது வந்தது. பஞ்சைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டு, போய்ப் படுத்தாள்.