தைப்பூசத்தன்று எண்ணாத பறவைகள்

திங்கட்கிழமை தணிக்கை அதிகாரிகள் வருகிறார்கள் என்று சொன்னபோது நிரஞ்சனாவின் உதடு வெளுத்திருந்தது. என் மகள் தேசிய எரிசக்தி வாரியத்தில் சுற்றுச்சூழல் ஆய்வாளர். தீவின் மேற்குக் கோடியில், துவாஸ் கரையில் வரப்போகும் மின்நிலையத்துக்காகப் பறவைகளை எண்ணி, அறிக்கையில் கையெழுத்திட்டவள் அவள்தான்.

"தைப்பூசத்தன்னிக்கு அங்க போனதா எழுதியிருக்கேம்பா. முந்தின வாரக் கணக்கையே போட்டுட்டேன்."

அன்று அவள் என்னோடு சிராங்கூன் சாலையில் பால்குடம் எடுத்தாள். துவாஸில் வேலை இருக்கிறது என்றவளை, "நாலு தலைமுறையா எடுக்கிறோம், பரமசிவம் மகள் வராம இருப்பதா?" என்று அதட்டி வரவழைத்தவன் நான். பெருமை தாங்காமல் படத்தை ஃபேஸ்புக்கிலும் போட்டேன்.

"அத அழிச்சிருங்கப்பா. யாராச்சும் பார்த்தா முடிஞ்சுது லா."

கைப்பேசியை எடுத்தேன். படத்தில் மஞ்சள் சேலையில் அவள். பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்தியபடி நான். நாற்பது வருட அரசாங்க வேலையில் ஒரு வரி பொய் எழுதாதவன்.

நான் அழிக்கவில்லை.

"அவங்க கேக்கிறதுக்கு முன்னாடி நீயே சொல்லிடும்மா."

"வேலை போயிரும்பா. கேஸ்கூடப் போடுவாங்க."

"நான்தான் கூப்பிட்டேன்னு நானும் வந்து சொல்றேன்."

"அப்பாவக் கூட்டிட்டுப் போக இது என்ன ஸ்கூலா?" என்று சிரிக்கப் போனவள் அழுதுவிட்டாள்.

பிறகு என் எதிரிலேயே மேலதிகாரியை அழைத்தாள். மணி ஒலிப்பது எனக்கும் கேட்டது. அவர் எடுக்கக் கூடாதே என்று முருகனை வேண்டிக்கொண்டேன்.