சாவிக்கடைக்காரியின் தம்பி

பீரோ திறக்கவில்லை. ஊரில் உள்ள பூட்டுக்கெல்லாம் சாவி வெட்டிக் கொடுத்தவளின் பீரோ, அவளுக்குக் கடைசியாக உடுத்த நல்ல துணி எடுக்க வேண்டிய காலையில், சாவி இல்லாமல் சண்டித்தனம் செய்தது. அண்ணி கைப்பிடியை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு ஒதுங்கினாள். அண்ணன் சுத்தியல் எங்கே என்று கேட்டார்.

"சுத்தியல் வேணாம், அண்ணே. கொஞ்சம் தள்ளுங்க," என்று சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான் தம்பி.

தம்பிக்கு நாற்பத்து மூன்று வயது. ஆனாலும் தெருவே அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடும். சாவிக்கடை அக்காவின் தம்பி. பத்தொன்பது வருடங்களுக்கு முன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தான். அன்றிலிருந்து இடுப்புக்குக் கீழே எதுவும் அவன் பேச்சைக் கேட்பதில்லை. விரல்கள் மட்டும் சொன்னதற்கு மேலேயே கேட்கும்.

சட்டைப் பையிலிருந்து வளைத்த கம்பிகள் இரண்டை எடுத்தான். காதைப் பீரோக் கதவோடு ஒட்டிவைத்துக் கண்ணை மூடினான். முன்னறையில் அக்கா பெட்டிக்குள் கிடந்தாள். நேற்று மதியம் கடையில் உட்கார்ந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவள். சுற்றிலும் நாற்காலிகளில் இருந்த அக்கம்பக்கத்தார் பேச்சை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்தார்கள். பூட்டு விட்டுக்கொடுத்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"அடேயப்பா, அக்கா கைவேலை அப்படியே வந்திருக்கே," என்றார் கடைக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவர்.

தம்பி கம்பிகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். சமாசாரம் தலைகீழ் என்று இந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? கடையில் மசியாத பூட்டுகளை அக்கா பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவாள். சாப்பாட்டு மேசையில் வைத்து அவன் திறந்து கொடுப்பான். மறுநாள் பெயர் அவளுக்கு. கூலி என்று அவள் நீட்டியதை அவன் ஒருநாளும் தொட்டதில்லை. தொட்டால் படிவத்தில் எழுத வேண்டும்.

அந்தப் படிவம் அரசு உதவி அலுவலகத்திலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும். மாதாமாதம் வருகிற உதவித்தொகை, சொத்து ஒன்றும் இல்லாதவர்களுக்கு மட்டும்தான். ஆகவே, 'சொந்தமாக உடைமை ஏதும் உண்டா?' என்று படிவம் கேட்கும். அவன் 'இல்லை' என்று எழுதுவான். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் அக்கா, "அவ்வளவு அழுத்தி எழுதாதடா, பேப்பர் கிழிஞ்சிடப் போகுது," என்பாள். அதற்குமேல் இருவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

பீரோவில் துணிக்கு அடியில் ஓர் உறை இருந்தது. அதில் உயில். கடையும், அதிலிருக்கும் மிஷினும், சாமான்கள் அத்தனையும் தம்பிக்கு. கீழே அவளுடைய கோணல் கையெழுத்து. அண்ணன் அதை இரண்டு முறை படித்தார். பிறகு தம்பியை நாற்காலியோடு சமையலறைக்குத் தள்ளிக்கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்.

"இது உன் கைக்கு வந்தா மாசாமாசம் வர்றது நின்னுடும். தெரியும்ல?"

"தெரியும்."

"ரெண்டு படி ஏறணும்னு நீ அந்தக் கடைப் பக்கமே போய் நாலு வருஷம் ஆச்சு. எப்படி நடத்துவ? வேணாம்னு எழுதிக் கொடுத்துடு. என் பேர்ல இருக்கட்டும். நான் உன்னை ஏமாத்த மாட்டேன்."

"நீங்க ஏமாத்துவீங்கன்னு யாரு சொன்னா?"

அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "கடை ஓடலைன்னா உதவியும் இருக்காது, கடையும் இருக்காது. என்னால ரெண்டு குடும்பம் தாங்க முடியாதுடா. மறைச்சுப் பேசல."

அது உண்மை. தம்பிக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. பத்தொன்பது வருடமாகச் சோறு போட்ட தொகை. அதை விட்டுவிட்டு எதை நம்பி இறங்குவது?

பதினொரு மணிக்கு உதவி அலுவலகத்து அம்மாள் துக்கம் விசாரிக்க வந்தார். தம்பியின் கோப்பைப் பன்னிரண்டு வருடமாகப் பார்க்கிறவர். அக்காவின் அருகில் சற்று நேரம் நின்றுவிட்டுச் சமையலறைக்கு வந்தார். அண்ணன் சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டார்.

"வேணாம்னு எழுதிக் கொடுத்தாலும் வந்ததாத்தான் எடுத்துக்குவாங்க, சார்," என்றார் அவர். "உதவிக்காக வேணும்னே விட்டுக்கொடுத்ததா ஆயிடும். அப்பவும் நிறுத்திடுவாங்க. கடையை வித்தாலும், அந்தப் பணம் செலவாகி முடியற வரைக்கும் கிடைக்காது. காலைல இவரைக் குளிப்பாட்ட வர்ற உதவியாள் மட்டும் வருவாங்க, அதுக்குக் கட்டணம் கட்டணும்."

"இது எங்க தங்கச்சிக்குத் தெரியாமப் போச்சே," என்றார் அண்ணன்.

"தெரியும் சார். ரெண்டு வருஷம் முன்னாடி என்கிட்ட வந்து கேட்டாங்க. எல்லாத்தையும் சொன்னேன். 'அது நின்னா நிக்கட்டும், அவன் கை நிக்காது'ன்னு சொல்லிட்டுப் போனாங்க."

அவர் கைப்பையிலிருந்து அதே உடைமைப் படிவத்தை எடுத்துத் தம்பியிடம் கொடுத்தார். பத்து நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அவன் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில், கம்பிகளோடு வைத்துக்கொண்டான்.

இரண்டு மணிக்கு அக்காவைக் கொண்டுபோனார்கள். வண்டி கடைத்தெருவில் ஒரு நிமிடம் நின்றது. வளையல்கடைக்காரி, தையல்காரர், வங்கிக் காவலாளி என்று பத்துப் பதினைந்து பேர் வாசலுக்கு வந்து நின்றார்கள். எல்லோர் சட்டைப் பையிலும் இடுப்பிலும் அவள் வெட்டிய சாவி ஒன்றாவது இருக்கும் என்று தம்பி நினைத்துக்கொண்டான். அழுகை வந்தது, அழுதான். ஆனால் தலையைக் குனிந்துகொள்ளவில்லை.

எல்லாம் முடிந்து திரும்பும்போது மணி நாலு. "அண்ணே, கடைக்குப் போலாம்," என்றான்.

"படி இருக்குடா."

"போய்ப் பாப்போம்."

படி இல்லை. இரண்டு படிகளும் இருந்த இடத்தில் சரிவாகச் சிமெண்ட் பூசியிருந்தது. "மிஷின் உருட்டிட்டுப் போகணும்னு சொல்லி அக்காதான் போட்டாங்க," என்றார் டீக்கடைக்காரர், எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து. அண்ணன் ஷட்டரைத் தூக்கினார். தம்பி சரிவில் தானே உருட்டிக்கொண்டு ஏறினான்.

உள்ளே வேலை மேசை தாழ்வாக இருந்தது. நின்று வேலை செய்கிறவள் அதில் குனிந்தால் ஒரே வாரத்தில் இடுப்பு போய்விடும். பக்கத்தில் ஒரு குட்டை முக்காலி கிடந்தது. அரங்கள், இடுக்கி, சாவி வெட்டும் மிஷின், மாதிரிச் சாவிகள் தொங்கும் பலகை, எல்லாமே உட்கார்ந்த கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தன.

"முழங்கால் வலி, நிக்க முடியலன்னு சொல்லி மேசையை இறக்கினாங்க," என்றார் டீக்கடைக்காரர். "ரெண்டு வருஷம் இருக்கும்."

"எங்கிட்டயும் முழங்கால்னுதான் சொன்னா," என்றார் அண்ணன்.

தம்பி முக்காலியைப் பார்த்தான். வீட்டில் ஒருநாளும் அவள் முழங்காலைத் தடவி அவன் பார்த்ததில்லை. போன வாரம்கூட ஓட்டமாக ஓடிப் பேருந்தைப் பிடித்தாள். இரண்டு வருடம் முக்காலியில் உட்கார்ந்து, அந்தத் தாழ்ந்த மேசையில் கடை நடக்குமா என்று தானே நடத்திப் பார்த்திருக்கிறாள். தம்பிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. என் அக்கா, என்று அங்கிருந்த இருவரிடமும் சொல்லத் தோன்றியது.

மேசைக்குப் பின்னால் போக ஒரு திறப்பு விட்டிருந்தாள், இரண்டு மரக் கால்களுக்கு நடுவில். தம்பி நாற்காலியை அதற்குள் உருட்டினான். பாதியில் சிக்கிக்கொண்டது. பின்வாங்கி மறுபடி உருட்டினான். மறுபடி சிக்கியது. ஒரு விரற்கடை அகலம் போதவில்லை.

அண்ணன் குனிந்து பார்த்தார். "அவ அளவு தப்புமா? மயிரிழை தப்பினா சாவியையே தூக்கிப் போட்டுடுவாளே."

"தப்பல, அண்ணே. பழைய நாற்காலிக்கு அளந்திருக்கா. இது போன மாசம் உதவி அலுவலகத்துல கொடுத்தது. கொஞ்சம் அகலம்."

அண்ணனுக்குச் சிரிப்பு வந்தது. காலையிலிருந்து அழாத மனிதர், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். பிறகு பலகையிலிருந்து பெரிய அரம் ஒன்றை எடுத்தார்.

"அது இரும்பு ராவுற அரம், அண்ணே. மரத்துக்கு ஆகாது."

"பரவாயில்ல. நேரமாகும், அவ்வளவுதானே."

இறுதிச் சடங்குக்கென்று போட்டிருந்த நல்ல சட்டையோடு தரையில் மண்டியிட்டு அவர் ராவத் தொடங்கினார். மரத்தூள் அவர் கையிலும் மடியிலும் உதிர்ந்தது. டீக்கடைக்காரர் போய் மூன்று டீ கொண்டுவந்தார். அவை ஆறிப்போகும்வரை அண்ணன் ராவினார்.

"இப்ப வா," என்றார் எழுந்து.

நாற்காலி இருபுறமும் உரசிக்கொண்டு உள்ளே போனது. தம்பி மேசைமேல் கைகளை வைத்தான். முழங்கை சரியாகப் பலகையில் அமர்ந்தது. சட்டைப் பையிலிருந்து படிவத்தை எடுத்து விரித்தான். அக்காவின் பேனா அரங்களுக்கு நடுவில் கிடந்தது.

அண்ணன் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார்.

'உண்டு' என்று எழுதினான், அழுத்தி. பேப்பர் கிழிந்து, மேசைப் பலகையிலும் மை பட்டது.