ரஜனி வாங்கி வந்த பெட்டை மீன்

பேர்னாட் தானாகப் போய் மூக்கை நுழைக்கவில்லை. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஏழு மாடி, இருபத்தாறு வீடு கொண்ட அந்த ஃபிளாட்டின் கமிட்டிக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும்தான் அவரைக் கேட்டார்கள். கீழே லொபியில் நாலடி மீன்தொட்டி ஒன்று வைக்கப்போகிறோம், உங்களுக்குத்தான் அந்த வேலை தெரியும், எந்த மீன் எந்த மீனோடு ஒத்துப்போகும் என்று நீங்களே தெரிவு செய்து தாருங்கள் என்று தலைவர் கருணைநாதன் எழுந்து நின்று சொன்னார். கைகூடத் தட்டினார்கள். பின்னர் நடந்ததை நினைக்கும்போதெல்லாம் அந்தக் கைதட்டல்தான் பேர்னாட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் ஓம் என்று சொன்னதற்குக் காரணம் இருந்தது. கொட்டாஞ்சேனை வீடு சகோதரர்களுக்குள் பிரிந்து விலைப்பட்டபோது, அங்கே ஏழு வருடமாகக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்த மீன்களையும் தூக்கிக்கொண்டுதான் அவரும் மனைவி மெற்றில்டாவும் இந்த வாடகை வீட்டுக்கு வந்தார்கள். சிங்களத்தில் லே தித்தயா என்பார்கள். லே என்றால் இரத்தம். சுண்டுவிரலில் பாதி நீளம், நல்ல சிவப்பு, யாருடைய சோலிக்கும் போகாத மீன். இந்த நாட்டு ஓடைகளில் பிறந்த சாதி. ஆனால் வீட்டுக்காரர் அக்ரிமெண்டில் கண்ணாடித் தொட்டி வைக்கக்கூடாது என்று எழுதிவிட்டார். ஆகவே மீன்கள் பல்கனியில், பாரமில்லாத வெள்ளை றெஜிபோம் பெட்டி ஒன்றுக்குள் கிடந்தன. பகல் வெயிலில் தண்ணீர் கொதிக்கும். காகம் வேறு. இருபது மீன் பதினாலாகிவிட்டது. லொபித் தொட்டி இல்லையென்றால் மழைக்காலம் வருவதற்குள் ஒன்றும் மிஞ்சாது என்று பேர்னாட்டுக்குத் தெரியும்.

துறைமுகப் பக்கம் ஷிப்பிங் கொம்பனி ஒன்றில் முப்பது வருடமாகக் கிளாக்காக இருப்பவர். எதையும் எழுத்தில் வைப்பதுதான் வழக்கம். ஃபுல்ஸ்காப் தாளில் இரண்டு பக்கம் எழுதினார். கூட்டமாக இருக்கும் மீனைத் தனியாக விடவேண்டாம். நீண்ட செட்டை உள்ள மீனோடு டைகர் பாப் வேண்டாம், கடித்துக் கிழித்துவிடும். பைட்டர் மீன் என்றால் ஆண் ஒன்றே ஒன்று, இரண்டு விட்டால் சண்டை; பெட்டை என்றால் பரவாயில்லை. எந்த மீனும் தன் வாய்க்குள் அடங்குவதைத் தின்னும். தாளை லெமினேட் பண்ணித் தொட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினார்.

பிறகு வெறும் தண்ணீரை மூன்று கிழமை ஓடவிட்டார். புதுத் தண்ணீரில் மீனைப் போட்டால் செத்துப்போகும் என்று எத்தனை தடவை சொல்லியும் லிப்டில் பகிடிதான்.

"பேர்னாட் அண்ணை, இது கண்ணுக்குத் தெரியாத மீனோ?"

"ஓம், நல்ல மனசுள்ள ஆக்களுக்கு மட்டும்தான் தெரியும்," என்று அவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

மூன்றாம் கிழமை முடிவில் பதினாலையும் கீழே கொண்டுபோய் விட்டார். கூட, அடியில் மேயும் கொறி மீன் ஆறு. பச்சைச் செடிகளுக்கிடையே சிவப்பு ஓடித் திரிந்தது. மெற்றில்டாகூடச் சந்தைக்குப் போகும்போது பையோடு ஐந்து நிமிடம் நின்று பார்த்தாள்.

"வீட்டில இருந்ததைவிட நிறம் வந்திருக்கு, என்னப்பா," என்றாள்.

இரண்டு கிழமை அப்படி இருந்தது. அதற்குப் பிறகுதான் கருணைநாதனின் மனைவி ரஜனி நுகேகொடையிலிருந்து பொலித்தீன் பையோடு வந்து இறங்கினாள்.

ரஜனி யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவள். கொழும்புக்கு வந்து நாலு வருடம். கிழமைக்கு இரண்டு நாள் சிங்கள வகுப்புக்குப் போகிறாள். கடைக்குப் போனால் தமிழ்க் கடைக்காரரிடமும் சிங்களத்தில்தான் கேட்பாள். பைக்குள் கறுப்பாக, செம்மஞ்சள் கோடு விழுந்த, மூன்று விரல் நீள மீன் ஒன்று வாயைத் திறந்து திறந்து மூடியது. பேர்னாட்டுக்குப் பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது.

"தங்கச்சி, இது ஓஸ்கார்."

"பெயர் என்னவோ. வடிவா இருக்கு. உங்கட மீனெல்லாம் சின்னன், லிப்டுக்கு நிக்கிற ஆக்களுக்குத் தெரியிறேல்ல."

"இது ஒரு அடிக்கு வளரும். மற்ற மீனைத் தின்னும்."

"அதெல்லாம் கேட்டுத்தான் வாங்கினனான். இது பெட்டை. கடைக்காரன் வாயாலேயே சொன்னவன்." அவள் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினாள். "பெட்டை எண்டாப் பரவாயில்லை எண்டு நீங்கள்தானே எழுதி வச்சிருக்கிறீங்கள்."

"அது பைட்டருக்கு எழுதினது. இது ஆணெண்டாலும் பெட்டையெண்டாலும் திண்டுதான் தீர்க்கும்."

"பேர்னாட் அண்ணைக்குத் தன்ர மீன் மட்டும்தான் தொட்டியில இருக்கவேணும்," என்று அவள் லிப்டுக்கு நின்றவர்களைப் பார்த்துச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். பையின் முடிச்சு அவிழ்ந்தது.

பேர்னாட் நேரே நாலாம் மாடிக்கு ஏறிப்போய்க் கருணைநாதனிடம் சொன்னார். ஓஸ்காரை எடுங்கள், அல்லது என் பதினாலையும் நான் எடுத்துக்கொள்கிறேன். கருணைநாதன் கதிரையில் சாய்ந்தபடியே கமிட்டிக் கொப்பியை விரித்தார்.

"மிஸ்டர் பேர்னாட், நீங்க அன்பளிப்புச் செய்ததா இதில எழுதியிருக்கு. இப்ப அது பொதுச் சொத்து. இண்டைக்கு நீங்க மீனைத் தூக்கினா நாளைக்கு மற்றவை தாங்கள் குடுத்த பல்பைக் கழட்டுவினம்."

"பல்ப் பல்பைத் தின்னாது, மிஸ்டர் கருணைநாதன்."

"அடுத்த கூட்டத்தில எடுப்பம்."

அடுத்த கூட்டமும் வந்தது. அதற்குள் ஓஸ்கார் கண்ணாடிக்குக் கிட்ட வந்து ஆட்களைப் பார்க்கப் பழகிவிட்டது. விரலை அசைத்தால் பின்னால் வரும். பிள்ளைகளுக்கு அது செல்லம். அதை எடுக்க வேண்டும் என்று பேர்னாட் சொன்னபோது கை தூக்கியது கீழ் வீட்டுக் கைருன்னிஸா ஒருத்திதான். எடுக்க வேண்டாம் என்று பத்தொன்பது கை.

நாளொரு மீனாகக் குறைந்தது என்று இல்லை. முதல் மாதம் ஒன்றும் குறையவில்லை. ஓஸ்கார் வளர்ந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். இரண்டாம் மாதம் மிஞ்சியது பன்னிரண்டு. மூன்றாம் மாதத்தில் ஒரு கிழமைக்குள் அது எட்டாகிவிட்டது. பேர்னாட் காலையில் வேலைக்கு இறங்கும்போது எண்ணுவார். பின்னேரம் வந்து எண்ணுவார். பிழையாக எண்ணிவிட்டேனோ என்று செடிகளுக்குப் பின்னாலும் குனிந்து பார்ப்பார். பழைய சிவப்பும் அவற்றுக்கு இல்லை. வெளிறிப்போய், பில்டருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்றன. சாப்பாடு போட்டாலும் வெளியே வரவில்லை.

அந்த நேரத்தில்தான் வட்ஸ்அப் குறூப்பில் கருணைநாதன் போட்டார்: "லொபித் தொட்டியில் சிறிய மீன்கள் குறைந்து வருகின்றன. வீட்டுப் பெட்டியில் வளர்ந்தபடியால் அவை பலவீனமானவை எனத் தெரிகிறது. நோயாகவும் இருக்கலாம். ஓஸ்கார் நல்ல ஆரோக்கியத்துடன் உள்ளது." கீழே பெருவிரல் படங்கள் வரிசையாக.

பேர்னாட் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"செத்த மீன் எண்டா மிதக்கும். ஒரு மீனாவது மிதந்ததை ஆரும் கண்டவையோ? நோயில செத்த மீன் எங்க போச்சு, லிப்டில ஏறி மொட்டை மாடிக்குப் போச்சோ?"

"என்னட்டக் கத்தி என்னப்பா. குறூப்பில போடுங்கோ," என்றாள் மெற்றில்டா.

"போட்டனான். அதுக்கும் பெருவிரல்தான் போடினம்."

"அப்ப ரஜனியையே கூட்டிக்கொண்டு அந்தக் கடைக்குப் போங்கோ. அவன் என்ன சொன்னவன் எண்டு அவன்ர வாயால கேளுங்கோ."

ரஜனி மறுக்கவில்லை. தான் கேட்டு வாங்கியது சரியென்று காட்ட அவளுக்கும் ஆசை. சனிக்கிழமை காலை திறீவீல் பிடித்து இரண்டு பேரும் நுகேகொடைக்குப் போனார்கள். வழியெல்லாம் அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அவர் முன்னே பார்த்துக்கொண்டு வந்தார்.

கடைக்காரனுக்கு முப்பது வயதிருக்கும். ரஜனியை ஞாபகம் இருந்தது. ஓஸ்கார் எப்படி, வளர்ந்துவிட்டதா என்று சிங்களத்தில் அன்பாகவே கேட்டான்.

"மல்லி," என்று தம்பி முறை சொல்லி ரஜனி தொடங்கினாள். அன்றைக்கு மற்ற மீனோடு விடலாமா என்று தான் கேட்டதையும், அவன் சொன்னதையும் இந்த அய்யாவுக்கு ஒருக்கால் சொல்லச் சொன்னாள்.

"மம கிவ்வனே, நோனா. தென் அவுலக் நே, பெட்டியெக் நே கியலா."

ரஜனி வெற்றியோடு திரும்பினாள். "கேட்டீங்களோ, பேர்னாட் அண்ணை. பெட்டை எண்டுதான் சொல்லுறான்."

பேர்னாட் அவள் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, பெட்டைக்குச் சிங்களத்தில கெஹெனு. பெட்டியா எண்டா குஞ்சு. இப்ப பிரச்சினை இல்லை, இது குஞ்சுதானே எண்டுதான் அவன் சொன்னவன்."

அவள் முகம் மாறியது. வகுப்பில் படித்த சொல்தான். கோழிக்குஞ்சுக்குப் படித்திருந்தாள்.

பேர்னாட்டுக்கு அவள்மேல் வந்த கோபத்தைவிடக் கடைக்காரன்மேல் வந்த கோபம் பெரிது. கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு அவனைச் சிங்களத்தில் பிடிபிடியென்று பிடித்தார். ஒரு மனிசி வந்து மற்ற மீனோடு இருக்குமா என்று கேட்கிறாள். இன்றைக்கு இருக்கும் என்று சொல்கிறாய். மூன்று மாதத்தில் என்ன செய்யும் என்று உனக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டு பாதியைச் சொல்வது என்ன யாவாரம்?

கடைக்காரன் கோபிக்கவில்லை. பொய் சொல்லவில்லையே அய்யா என்றான். பின்பக்கத்துத் தொட்டியைக் காட்டி, அதன் தாய் அங்கேதான் நிற்கிறது, கேட்டிருந்தால் காட்டியிருப்பேன் என்றான். சாப்பாட்டுக் கோப்பை அகலத்தில் ஒரு மீன் திரும்பி அவர்களைப் பார்த்தது. ரஜனி அதன் வாயைப் பார்த்தாள். வேண்டுமென்றால் திருப்பிக் கொண்டுவாருங்கள், நான் எடுக்கிறேன் என்று அவன் சொன்னது இந்த முறை அவளுக்குச் சரியாக விளங்கியது.

திரும்பும்போது அவள்தான் கேட்டாள்.

"இப்ப எத்தினை இருக்கு, அண்ணை?"

"காலமை அஞ்சு."

போய்ப் பார்த்தபோது நாலு.

ரஜனி மேலே போய்த் தன் வீட்டு வாளியோடு இறங்கி வந்தாள். பேர்னாட் கைவலையை விட்டார். ஓஸ்கார் சோற்றுக்கு வருவதுபோல நேரே வலைக்குள் வந்தது. அதைக்கூட அவரால் தாங்க முடியவில்லை. ஆட்களை நம்பி வந்த மீன். அதன்மேல் என்ன பிழை. வாளிக்குள் அது இறங்கவும் லிப்ட் திறந்து கருணைநாதன் வரவும் சரியாக இருந்தது.

"என்ன நடக்குது? கமிட்டிக்குச் சொல்லாமல் இப்பிடி எடுக்கேலாது. பத்தொன்பது பேர் கை தூக்கினது."

"நான் வாங்கினனான், நான் திருப்பிக் குடுக்கிறன்," என்றாள் ரஜனி.

"ஆக்களுக்கு என்ன சொல்லுறது?"

"எனக்குச் சிங்களம் பிழைச்சுப் போச்சு எண்டு சொல்லுங்கோ. பெட்டியா எண்டதைப் பெட்டை எண்டு விளங்கிக்கொண்டு வந்திட்டன்."

கருணைநாதனுக்கு அது பிடிக்கவில்லை. "அதெல்லாம் எதுக்கு வெளியில. கடைக்காரன் ஏமாத்திப்போட்டான் எண்டு போடுவம்."

பேர்னாட் வலையைத் தொட்டிமேல் வைத்தார். தோள்வரை நனைந்த சட்டையிலிருந்து தண்ணீர் லொபி மாபிளில் சொட்டியது. அவர் துடைக்கவில்லை.

"கடைக்காரனைப் பிறகு போடுங்கோ. முதல்ல, பேர்னாட்டின்ர மீனுக்கு நோயும் இல்லை பலவீனமும் இல்லை, ஓஸ்கார்தான் திண்டது எண்டு போடுங்கோ. நீங்க போட்ட அதே குறூப்பில."

"பின்னேரம் போடுறன்."

"இப்ப போடுங்கோ. நிக்கிறன்."

கருணைநாதன் மனைவியைப் பார்த்தார். அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு அவருடைய போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, ஒரு விரலால் தட்டத் தொடங்கினார். நடுவில் ஒருமுறை நிறுத்தி, "போதும்தானே?" என்றார்.

"நாலு மீன்தான் மிச்சம் எண்டும் போடுங்கோ."

"அது ஏன்?"

"பதினாலு குடுத்தனான். மற்றப் பத்தும் எங்க எண்டு அந்தப் பத்தொன்பது பேரும் ஒருக்கா யோசிக்கட்டும்."

கருணைநாதன் அதையும் தட்டினார். பேர்னாட்டின் சட்டைப்பைக்குள் போன் சத்தம் போட்டது. அவர் ஈரக் கையோடேயே அதை எடுத்து, முதல் எழுத்திலிருந்து கடைசிவரை வாசித்தார்.