மண்ணோடு வரச் சொன்ன வண்டி

பல் டாக்டர் காலையிலிருந்தே காத்துக்கொண்டிருந்தார். துறைமுகத்துச் சரக்குக் கொட்டகையில் கப்பலில் வந்த பெரிய இரும்புப் பெட்டியை இன்னும் திறக்கவில்லை. உள்ளே அவருடைய வண்டி இருந்தது. ஆறு சக்கரம். மலை, மணல், சேறு எதிலும் ஏறி இறங்கும் ரகம். செய்த கம்பெனி எப்போதோ மூடியாயிற்று. உலகத்தில் மிச்சமிருப்பவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். கடல் தாண்டி ஒரு பெரியவரிடம் அதைக் கண்டுபிடித்து, ஒற்றைக்காலில் நின்று வாங்கியிருந்தார்.

"கழுவித்தானே அனுப்பச் சொன்னீங்க, டாக்டர்?" என்று கேட்டார் சுங்கத்தில் வண்டியை எடுத்துத் தரும் ஏஜென்ட்.

"ஏன்?"

"காட்டுல ஓடுன வண்டியாச்சே. அடியில வெளிநாட்டு மண்ணு கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் போச்சு. அதுல விதை இருக்கும், பூச்சி முட்டை இருக்கும். வந்த வழியே திருப்பி அனுப்பிடுவாங்க. இதுகூடத் தெரியாம யாராவது வண்டி வாங்குவாங்களா?"

டாக்டர் வாங்கியிருந்தார். அது மட்டுமா? கழுவவே வேண்டாம், சேறும் மண்ணுமாக அப்படியே ஏற்றிவிடுங்கள் என்று பெரியவரிடம் போனில் கெஞ்சியவரும் அவர்தான். தார் ரோட்டை விட்டு இறங்காத ஜீப்பை வைத்துக்கொண்டு பீற்றிக்கொள்ளும் மச்சினன், அசல் காட்டுச் சேற்றைப் பார்த்து வாயைப் பிளக்க வேண்டும் என்று ஆசை. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

வண்டி திரும்பிப் போனால் மனைவி முகத்தில் எப்படி விழிப்பது? மாடியில் ஓர் அறை கட்டித் தையல் வகுப்பு நடத்த வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் கனவு. அதற்கென்று சேர்த்து வைத்ததுதான் இப்போது ஆறு சக்கரமாகி நிற்கிறது. கேட்டபோது அவள் "சரி" என்றாள். அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அதற்கப்புறம் வாயைத் திறந்தால் "உங்க வண்டி" தான். உங்க வண்டி எப்ப வருது? உங்க வண்டிக்காரர் கூப்பிட்டார். அந்த "உங்க" ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று குத்தும்.

ஆய்வு அதிகாரி வந்தார். இளம் பெண். கையுறை, நெற்றியில் விளக்கு, நீளக் கைப்பிடி வைத்த கண்ணாடி, நுனி வளைந்த கம்பி. 'வாயைத் திற' என்று சொல்லாததுதான் குறை. பெட்டியைத் திறந்ததும் டாக்டர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அடியில் கம்பி சுரண்டும் சத்தம் கேட்டது. தன் நாற்காலியில் உட்காருகிறவர்கள் கைப்பிடியை ஏன் அப்படி இறுக்கிப் பிடிக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது.

"சார், இங்க வாங்க."

டாக்டர் சுவரை விட்டு நகரவில்லை.

"இதை யாரு கழுவுனது? ஸ்பிரிங் இடுக்குலகூட ஒரு பொட்டு மண்ணு இல்ல. எல்லாரும் இப்படி அனுப்பினா எனக்கு வேலையே இருக்காது." அதிகாரி எதையோ நீட்டினார். "சீட்டுக்குப் பின்னாடி கிடந்துச்சு."

தேய்ந்துபோன டூத் பிரஷ்.

டாக்டர் திரும்பிப் பார்த்தார். வண்டி பளபளவென்று நின்றது. போன உயிர் திரும்பி வந்தது. அங்கே கிடந்த மரப்பெட்டியின் மேல் தொப்பென்று உட்கார்ந்து வீட்டுக்குப் போன் போட்டார்.

"விட்டுட்டாங்க! ஆனா அந்தப் பெரியவர் என் பேச்சைக் கேக்கல. டூத் பிரஷ் போட்டுத் தேய்ச்சு அனுப்பியிருக்கார்."

மனைவி சிரித்தாள். "அவர் எங்க தேய்ச்சார்? அவர் சம்சாரம்தான். நான்தான் சொன்னேன்."

"நீயா?"

"சேத்தோட வருதுன்னு என் தம்பிகிட்ட நீங்க பீத்திக்கிட்டது காதுல விழுந்துச்சு. நீங்க குளிக்கப் போனப்ப உங்க போன்லயே கூப்பிட்டேன். அந்தம்மா எடுத்தாங்க."

"அவங்க பாஷை உனக்கு எங்க தெரியும்?"

"பாஷை எதுக்கு? வீடியோவுல வண்டிப் படத்தைக் காட்டுனேன், நம்ம வாசலைக் காட்டுனேன், துடைப்பத்தைக் காட்டுனேன், கடைசியா என் மூஞ்சியைக் காட்டுனேன். புரிஞ்சுக்கிட்டாங்க. அவங்க வீட்டுலயும் ஒருத்தர் இருக்காரே."

மண் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

"திருப்பி அனுப்பியிருப்பாங்களா?" அவள் பதறினாள். "ஐயோ! நான் வாசலை யார் கழுவறதுன்னுதாங்க சொன்னேன். நல்லவேளை. சரி, அதை வெயில்ல நிக்க வைக்காதீங்க. நம்ம வண்டியைப் பத்திரமா கூட்டிட்டு வாங்க."

டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. பிரஷ்ஷைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"என்ன டாக்டர், அதான் விட்டுட்டாங்களே?" என்றார் ஏஜென்ட்.

"ஒண்ணுமில்ல. மாடியில ஒரு ரூம் கட்டணும். நல்ல கொத்தனார் யாராவது தெரியுமா?"